சிவப்பு வட்டம் சுருங்குகிற டைமர்: நாலு மாதம் வைத்திருந்து பார்த்ததில்

எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல், இருப்புக்கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கிற பிரச்சினை, இருக்கிறது என்று 34 வயதில்தான் தெரிந்தது. பையனைக் காட்டத் தஞ்சாவூர் போயிருந்தோம், அவனைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் என் கதையையே சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசியில் உங்களையும் பார்த்துவிடலாம் என்றார். பெரும்பாலும் பரம்பரையாக வருவதுதான், ஆனால் பெண்களில் பலருக்கு ஓட்டமெல்லாம் மண்டைக்குள்ளேயே நடப்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், அது வேறு விஷயம். இது டைமரைப் பற்றி.

உள்ளங்கை அகலச் சதுர டப்பா, முகப்பில் 60 நிமிட வட்டம். குமிழைத் திருப்பினால் அத்தனை நிமிடத்துக்குச் சிவப்பு விரியும், போகப் போகத் தர்பூசணிக் கீற்று மாதிரி மெலிந்து காணாமல் போகும். மன்னார்குடி பாத்திரக் கடைகளில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் 650 ரூபாய்.

போனில் அலாரம் இல்லையா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். இருக்கிறது. அதை அணைக்கப் போனை எடுப்பேன், ஒரு வாட்ஸ்அப் செய்தி கண்ணில் படும், நிமிர்ந்தால் இருபது நிமிடம் போயிருக்கும், ஒருநாள் பால் பொங்கி அடுப்பே அணைந்து வீடெல்லாம் கேஸ் வாடை. அதோடு, அலாரம் நேரம் முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கும். நேரம் கரைவது எனக்கு உள்ளுக்குள் தெரியவே தெரியாது, இதில் கண்ணுக்குத் தெரிகிறது.

பள்ளி வேன் 8:10க்கு வரும், 7:20க்கு 50 நிமிடம் வைத்துவிடுவேன். முன்பெல்லாம் எட்டு மணி வரை ஆற அமரச் சட்னி தாளித்துவிட்டு அப்புறம் பிள்ளையிடம் கத்துவேன், ஷூ கிடைக்காது, அவன் அழுதுகொண்டே வேன் ஏறுவான், அதை நினைத்து நான் மத்தியானம் வரை அழுதுகொண்டிருப்பேன். இப்போது சிவப்பு 30க்கு இறங்கினால் அவன் குளித்திருக்க வேண்டும், 15க்கு இறங்கினால் சாப்பாட்டுப் பை தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. போன வாரம் வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேச்சில் நின்றுவிட்டேன், அவனே ஓடிவந்து, "அம்மா, செவப்பு கொஞ்சூண்டுதான் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தான். கத்தலே இல்லாமல் வேன் ஏறினான். மாமியார்கூட இப்போது, "ஏம்மா, அதத் திருகி வையேன், எனக்கு மாத்திரை போடணும்" என்கிறார்.

குறைகளும் உண்டு. மணிச் சத்தம் மெல்லியது, கிரைண்டர் ஓடினால் கேட்காது. பின்பக்கக் காந்தத்துக்குப் பலமில்லை, ஃபிரிட்ஜ் கதவை வேகமாகச் சாத்தியதில் விழுந்து பேட்டரி மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில் இருந்தால் மூன்றாவது வாரத்தில் என் கண்ணுக்கு அது சுவரோடு சுவராகிவிடுகிறது, அதனால் அடிக்கடி இடம் மாற்றுகிறேன், என்னைப் போன்றவர்கள் வாங்கினால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு சாதாரண பென்சில் பேட்டரி போதும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டபோது கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை என்று நாள்கணக்கில் இருந்த ஊர் இது.

அடுத்த மாதம் இன்னொன்று வாங்கப்போகிறேன், பாத்ரூம் வாசலில் வைக்க.