சித்தப்பாவின் குரலும் தெல்லிப்பழைப் பயணங்களும்

இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி நாள் ஆஸ்பத்திரி வாங்குகளில்தான் கழிந்தது. சித்தப்பாவின் குரல்நாண் புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. வன்னியில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும் வெளிநாட்டுச் சொந்தங்கள் உடனே கேட்பது, "கொழும்பில் தனியாரிடம் காட்டுவமா, இந்தியாவுக்குக் கொண்டு போவமா?" என்றுதான். நானும் போன் செய்தபோதெல்லாம் அதையே கேட்டவன். கிட்ட இருந்து பார்த்தபிறகு காசு வேறு இடத்தில் தேவைப்படுகிறது என்று விளங்கிவிட்டது.

சித்தப்பா கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். பீடியும் புகையிலை வெற்றிலையும் நெடுநாள் பழக்கம். முதலில் குரல் கம்மியபோது ஒரு தனியார் இடத்தில் மாதக்கணக்கில் அன்ரிபயோட்டிக்கும் கொப்பளிக்கிற மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். தொண்டைக்குள் கமரா விட்டு ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. குரல் கம்மல் 3 கிழமைக்கு மேல் நீடித்தால், அதுவும் புகைக்கிறவர் என்றால், காது மூக்கு தொண்டை டொக்டர் குரல்நாணைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். இந்த நோய் சின்னதாக இருக்கும்போதே குரலை மாற்றித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புற்றுநோய் பரவுகிற வழியான நிணநீர்க் குழாய்கள் குரல்நாணில் குறைவு என்பதால் கழுத்துக்குப் பரவவும் நாளெடுக்கும். அதனால்தான் அவ்வளவு தாமதத்துக்குப் பிறகும் முதல் கட்டத்திலேயே பிடிபட்டது.

முதல் கட்டத்துக்கு இரண்டு வழி: வாய் வழியாக லேசர், அல்லது கதிர்வீச்சு. எதில் போனாலும் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் நோய் அடங்கிவிடும். சித்தப்பாவுக்குக் கதிர்வீச்சு, தெல்லிப்பழையில். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் சனங்கள் நடந்து சேர்த்த காசில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அது. வைத்தியத்துக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. ஆனால் கதிர்வீச்சு என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, 5, 6 கிழமை தொடர்ந்து. கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். மல்லாகத்தில் சொந்தக்காரர் வீடு இருந்ததால் தப்பினார். அப்படி யாரும் இல்லாத வன்னிக் குடும்பங்கள் எத்தனை!

பிறகு நடந்ததுதான் மனதை அரிக்கிறது. இந்த நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள்தான். ஆகவே தொடக்கத்தில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருதரம் கமரா விட்டுப் பார்க்கிறார்கள். சித்தப்பாவுக்குக் குரல் நன்றாகத் திரும்பிவிட்டது. காலபோக விதைப்பு வந்தது, அப்புறம் அறுவடை. கிளினிக் கொப்பியில் போட்ட திகதிகள் ஒவ்வொன்றாகத் தவறின. ஒரு நாள் கூலி, வான் காசு, கூடப் போக ஆள் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை.

திரும்பக் குரல் கம்மியபோது கதிர்வீச்சால் வந்த வீக்கம் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். அப்படியும் வரலாம்தான். ஆனால் சதைத்துண்டு எடுத்துச் சோதித்தால்தான் இரண்டையும் பிரித்தறியலாம். இந்தமுறை முன்பக்கத்தால் மற்றக் குரல்நாணுக்கும் போயிருந்தது. அதே இடத்துக்கு முழு அளவில் மறுபடி கதிர்வீச்சு கொடுப்பதில்லை. வேளைக்குக் கண்டிருந்தால் சிலருக்கு லேசராலோ குரல்வளையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தோ சமாளிப்பார்களாம். சித்தப்பாவுக்கு முழுக் குரல்வளையையும் எடுக்கவேண்டும் என்றார் டொக்டர். பொறுமையாகப் படம் கீறி விளங்கப்படுத்தினார். அந்த அரைமணித்தியாலத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சித்தப்பா ஊதற்குரலில் சொன்னார்: "உயிர் இருந்தால் கையைக் காட்டியாவது வயல் செய்வன் தம்பி."

குரல்வளையை எடுத்தபிறகு கழுத்தில் போடும் துளையால்தான் மூச்சு. குளத்தில் இறங்கிக் குளிக்க முடியாது. கிணற்றடியிலும் துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்க்கவேண்டும். சூடடிக்கிற தூசிக்குத் துளையை மூடிக் கட்டவேண்டும். பேச்சுக்கு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் ஒரு வால்வு வைக்கலாம். அது சில மாதத்துக்கு ஒருதரம் கசியும், மாற்றவேண்டும். எங்கே மாற்றுவது, யார் செலவு என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கழுத்தில் பிடித்துப் பேசும் பற்றறிக் கருவிக்கு அந்த அலைச்சல் இல்லை. அதை நான் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

வெளிநாட்டுக் காசுக்கு வேலை இங்கேதான். கிளினிக் நாளுக்கு வான், கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி, தெல்லிப்பழைப் பக்கம் தங்க ஒரு அறை. ஊரிலுள்ள ஒரு வான்காரத் தம்பியிடம் மாதக் கணக்குக்குப் பேசிவிட்டு வந்தேன். கிளினிக்குக்கு முதல்நாள் பின்னேரம் நான் சித்திக்கு போன் எடுப்பேன். வீட்டில் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: ஒப்பரேஷனுக்குப் பிறகு எப்போதாவது 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தால், ஒட்சிசனை மூக்கில் அல்ல, கழுத்துத் துளையில் பிடிக்கச் சொல்லவேண்டும். பீடியைச் சித்தப்பா விட்டுவிட்டார். புகையிலையை விடவைக்கச் சித்தி இன்னும் போராடிக்கொண்டிருக்கிறா.