டெஸ்லா காயில் ஸ்பார்க் கேப்: நான்கு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். இந்தப் பக்கம் தகரக் கொட்டகை. அதில்தான் நான்கு வருடமாக என் டெஸ்லா காயிலை, அதாவது உயர் மின்னழுத்தத்தில் செயற்கை மின்னல் விடும் சுருளை, ஓட்டி வருகிறேன். அதற்கு மின்சாரம் கொடுப்பது, நியான் கடைப் பலகைகளுக்குப் பயன்பட்ட 9,000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். மேலே இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவாக மின்னல் விழும். பார்க்க வருகிறவர்கள் சுருளில் எத்தனை சுற்று, மேலே இருக்கும் வளையம் எதில் செய்தது என்றுதான் கேட்பார்கள். பொறி பாய்வதற்காக விடும் இடைவெளியான ஸ்பார்க் கேப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் முதல் டிரான்ஸ்ஃபார்மர் போனதே அதனால்தான் என்பதால், இங்கே அதை மட்டும் எழுதுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை நிரப்புகிறது. மின்னழுத்தம் ஓர் அளவுக்கு ஏறியதும் கேப்பில் உள்ள காற்று உடைந்து பொறி பாய்கிறது. சேர்ந்திருந்த ஆற்றல் மொத்தமும் ஒரே மூச்சில் கீழ்ச்சுருளுக்குள் இறங்குகிறது. அந்த ‘ஓர் அளவு’ எது என்பதைத் தீர்மானிப்பது கேப்பின் அகலம். அகலத்தைக் கூட்டினால் கெப்பாசிட்டர் இன்னும் உயர நிரம்பும், மின்னலும் நீளும். இந்த ஆசைதான் ஆபத்து. அக்கா மகன் இன்றும் பக்கத்தில் நின்று, “மாமா, இன்னும் கொஞ்சம் திறந்து பாருங்களேன்” என்பான்.

என் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கடைப் பலகைகள் எல்இடிக்கு மாறிய பிறகு இரும்பு உள்ளீடு கொண்ட பழையவை இப்படித்தான் கைக்கு வருகின்றன. எடை போட்டு வாங்கலாம். புதிய எலெக்ட்ரானிக் வகை இதற்கு ஆகாது. நிலக்கசிவுப் பாதுகாப்பு வைத்தவையும் ஓட்டியவுடனேயே நின்றுவிடும்.

அப்போது நான் போட்ட கணக்கு இது. 9,000 வோல்ட்டின் உச்சம் ஏறக்குறைய 12,700. காற்று மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் தாங்கும் என்பது எல்லோரும் சொல்லும் அளவு. அதன்படி ஐந்து செம்புக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒரு மில்லிமீட்டர் வீதம் நான்கு இடைவெளி விட்டேன். மொத்தம் நான்கு மில்லிமீட்டர், 12,000 வோல்ட், சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த 3,000 கணக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளிக்குத்தான் பொருந்தும். இடைவெளி குறுகக் குறுகக் காற்று மில்லிமீட்டருக்கு அதிகம் தாங்கும். வழவழப்பான பரப்புகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரை உடைக்கவே 4,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நான்கையும் கூட்டினால் 17,000-ஐத் தொடும்.

அப்படியானால் பொறியே வந்திருக்கக் கூடாதே என்று கேட்கலாம். வந்தது. காரணம் என் இரண்டாவது தவறு. 0.15 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பதினான்கைத் தொடராகக் கோத்து 10.7 நானோஃபாரட் ஆக்கியிருந்தேன். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அது கச்சிதமான ஒத்திசைவு அளவு. பொருத்தம் என்றால் நல்லதுதானே என்று நம்பினேன். கேப் உடையாத ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் ஊஞ்சல் போல மேலே மேலே ஏறும். அப்படி ஏறித்தான் என் கேப் பொறி விட்டது. சத்தம் அபாரமாக இருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை கொட்டகையில், டிரான்ஸ்ஃபார்மருக்குள் நிரப்பிய தார் உருகும் வாசனை வந்தது. உள்சுற்றின் ஒரு பாதி செத்துப்போயிருந்தது. மின்னழுத்தம் அளவு மீறினால் தானே பொறி விட்டு டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும் பாதுகாப்பு கேப் என்று தனியாக ஒன்று வைக்கவே இல்லை, வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

இப்போது கெப்பாசிட்டர் பத்துதான்: 15 நானோஃபாரட், ஒத்திசைவை விட்டு நன்றாக விலகியது. அதே ஐந்து குழாய்கள், ஆனால் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். இதைக் கண்ணால் வைக்க முடியாது. கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு வால்வு இடைவெளி பார்க்கும் மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ்தான் இதற்குச் சரியான கருவி. பட்டறை அண்ணன் ஒருவர் தன்னுடைய பழையதைக் கொடுத்தார். தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும்; இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. குழாயின் மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் பார்க்க வேண்டும். நான் முதலில் மேலே மட்டும் பார்த்தேன். கீழே ஒரு குழாய் சாய்ந்திருந்ததால் பொறி முழுவதும் அந்த ஒரே இடத்தில் விழுந்து செம்பைக் கருக்கியது.

எந்தக் கணக்கும் முடிவான தீர்ப்பு அல்ல. தொடராக இருக்கும் இடைவெளிகள் மின்னழுத்தத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. அதனால் கெப்பாசிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரோடு கேப்பை மட்டும் இணைத்து, உள்ளே போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை மெல்ல ஏற்றிப் பார்ப்பேன். டிரான்ஸ்ஃபார்மர் தன் சொந்த பலத்தில் அதை உடைக்க வேண்டும். உடைக்கவில்லை என்றால் கேப் அகலம், குறைத்தே ஆக வேண்டும்.

அப்புறம் பாதுகாப்பு கேப். அலமாரிக் கதவின் பித்தளைக் குமிழ் மூன்று. நடுவில் இருப்பது நிலத்துக்கு, இரு பக்கமும் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகளுக்கு. வேறு எதுவும் இணைக்காமல் முழு மின்னழுத்தம் கொடுத்து, பொறி நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, அதற்கு மேல் ஒரு துளி விட்டு இறுக்கினேன். என்னுடையது ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஊரில் எல்லா வீட்டிலும் ஏர்கோன் ஓடி மின்னழுத்தம் இறங்கியிருக்கும் இரவு நேரத்தில் இதை வைத்தால், மறுநாள் காலை மின்னழுத்தம் கூடும்போது சும்மாவே பொறி விடும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்பேன்.

ஒவ்வொரு முறை கை வைப்பதற்கு முன்பும் ஒரே வரிசைதான். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கையோடு எடுத்து வந்து என் முன்னால் வைத்துக்கொள்வேன். பத்து வினாடி பொறுப்பேன். ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 10 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, சில வினாடிகளில் மின்னூட்டத்தை வடித்துவிடும். ஆனால் ஒன்று அறுந்திருந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே பிவிசி குழாய் நுனியில் செம்புக் கம்பி கட்டி நிலத்தோடு இணைத்த கோலால் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் தொட்டு, பிறகு முனையோடு முனையைக் குறுக்கியே வைத்துவிட்டுத்தான் திருகைத் தொடுவேன். வடித்த பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்னூட்டம் மறுபடி ஊறும்.

வீட்டு மின்பெட்டியில் இருக்கும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் காப்பாற்றும் என்று தயவுசெய்து நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரின் உயர் மின்னழுத்தப் பக்கம் தனிச் சுற்று. இரு முனைகளுக்கு இடையே ஒருவர் மாட்டினால் அந்த சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. 30 மில்லிஆம்பியர் இதயத்தை நிறுத்தப் போதும். தனியாக நான் ஓட்டுவதே இல்லை. பிளக்கைப் பிடுங்கத் தெரிந்த ஒருவர் கொட்டகை வாசலில் இருக்க வேண்டும். அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது, அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் காயிலைத் தொடமாட்டேன்.

நீண்ட காலப் புழக்கத்தில் தெரிந்த குறைகளும் உண்டு. குளிர்விக்க வைத்த காற்றாடியின் அதிர்வில் திருகுகள் தளர்கின்றன. இரண்டு மாதத்தில் 0.6 என்பது 0.75 ஆகியிருந்ததை அளந்து பார்த்தேன். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கேஜை விட்டுப் பார்க்கிறேன். காற்றாடி இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் குழாய் சூடேறி, பொறி அறுந்து அறுந்து விழாமல் தீக்கொழுந்து போல ஒட்டிக்கொள்கிறது, மின்னலும் சுருங்குகிறது. மழைக்காலத்தில் அக்ரிலிக் தாங்கியில் ஈரமும் தூசியும் படிந்து மின்சாரம் மேற்பரப்பிலேயே ஊர்கிறது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலர விட வேண்டும். பொறியின் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் இருப்பதால் கேப்பைச் சுற்றி மறைப்புப் பலகை வைத்திருக்கிறேன். ஓசோன் வாசனை சேராமல் இருக்கக் கதவு திறந்தே இருக்கும்.

செம்பு கருத்துப் பள்ளம் விழுந்ததும் குழாயைக் கால் வட்டம் திருப்பிப் புதுப் பரப்பைக் காட்டினால் போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை. நான்கு வருடத்தில் இரண்டு முறை திருப்பியிருக்கிறேன். இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் நலமாக இருக்கிறது.