மை காய்ச்சியவர்கள் செய்த பேனா: பெலிகான் எம்400

நான் ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துகிறேன். காலையிலிருந்து மாலைவரை அச்சுப்படிகளின் ஓரத்தில் எழுதுவதுதான் என் வேலை. விட்டுப்போன ஒற்று, இடம் மாறிய லகரம், ஒட்டிக்கொண்ட இரண்டு சொற்கள். ஆறு வருடமாக இதையெல்லாம் ஒரே பேனாவால் செய்துவருகிறேன். பெலிகான் எம்400 என்ற ஊற்றுப்பேனா. பச்சைக் கோடு போட்ட உடல், கறுப்பு மூடி, கூழைக்கடாவின் அலகு மாதிரி வளைந்த கிளிப். பெலிகான் என்றாலே கூழைக்கடாதான். ஜெர்மனியின் ஹனோவரில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் ஊருக்கு வரும்போது வாங்கிவந்தான். பணம் நான்தான் கொடுத்தேன். என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை, அதனால் இந்தப் பேனாவை நான் கொஞ்சமும் சலுகை காட்டாமல்தான் பார்த்துவந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெலிகான் பேனாக் கம்பெனியாகப் பிறந்ததல்ல. அது மைக் கம்பெனி. ஹனோவரில் கார்ல் ஹோர்னமான் என்ற வேதியியலாளர் வண்ணங்களும் மையும் தயாரித்து விற்றார். அவருடைய முதல் விலைப்பட்டியலில் 1838 ஏப்ரல் 28 என்று தேதி இருக்கிறது. அந்த நாளையே நிறுவனம் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டது. 1863இல் வேலைக்குச் சேர்ந்த குந்தர் வாக்னர், அவரும் வேதியியல் படித்தவர், 1871இல் தொழிலையே வாங்கிவிட்டார். தன் குடும்பச் சின்னத்தில் இருந்த கூழைக்கடாவை 1878இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். பழைய முத்திரையில் கூடு நிறையக் குஞ்சுகள். என் பேனா மூடியின் உச்சியில் தாயும் ஒரே ஒரு குஞ்சும்தான்.

வாக்னரின் மருமகன் ஃபிரிட்ஸ் பைண்டார்ஃப் காலத்தில் தொழில் பெரிதாக வளர்ந்தது. 4001 என்ற மை உலகம் முழுக்கப் போனது. 1920களில் விளம்பரம் வரைந்துகொடுத்தவர்களில் ரஷ்ய ஓவியர் எல் லிஸிட்ஸ்கியும் ஒருவர். இத்தனைக்கும் அவர்கள் அதுவரை ஒரு ஊற்றுப்பேனாகூடச் செய்திருக்கவில்லை. முதல் பேனா 1929இல்தான் வந்தது. தொண்ணூறு வருடம் மை விற்ற பிறகு! இந்தப் பேனாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. பேனா செய்கிறவர்கள் பெரும்பாலும் நிப்பிலிருந்து யோசிக்க ஆரம்பிப்பார்கள். இவர்கள் மையிலிருந்து யோசித்திருக்கிறார்கள். மை எங்கே தங்கும், எவ்வளவு தங்கும், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி.

அப்போது பல பேனாக்களில் மை ரப்பர் பைக்குள் இருந்தது. ரப்பர் நாள்பட்டால் இற்றுவிடும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஹங்கேரியைச் சேர்ந்த பொறியாளர் தியோடர் கோவாச் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். அந்தக் காப்புரிமை ஸாக்ரெப் நகரின் பென்காலா பேனா நிறுவனம் வழியாக ஹனோவருக்கு வந்து சேர்ந்தது. பேனாவின் வால்முனையைத் திருகினால் அது லேசாக மேலே எழும். உள்ளே அடைப்பான் அதற்கு நேர் எதிராகக் கீழே இறங்கும். ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் இரண்டு மரைகள், அவ்வளவுதான் சூட்சுமம். அந்த நாளில் அடைப்பான் தக்கையால் ஆனது, பிறகு பிளாஸ்டிக். பை இல்லை, குழாய் இல்லை. பேனாவின் உடலே மைக்கூடு.

நிரப்புவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வாலைத் திருகி அடைப்பானைக் கீழே இறக்கிக்கொள்வேன். நிப்பைக் கழுத்துவரை மையில் முக்கி, எதிர்ப்பக்கம் திருகுவேன். பச்சைக் கோடுகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி இருக்கும் இடைவெளிகள் கீழிருந்து ஒவ்வொரு விரற்கடையாகக் கறுத்துக்கொண்டே மேலேறும். வெளியே எடுத்து மூன்று சொட்டைப் புட்டியிலேயே திரும்ப விட்டு, மீதித் திருகலையும் முடித்து, நிப்பைத் துணியில் துடைத்தால் முடிந்தது. ஏறக்குறைய 1.3 மில்லி பிடிக்கும். எனக்கு நான்கு நாள் ஓடும். எவ்வளவு பாக்கி என்று பார்க்கப் பேனாவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் போதும்.

பள்ளிக்கூடத்தில் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை ஊற்றி, கழுத்தில் கசிந்து, நடுவிரல் நீலமாகவே கிடந்த தலைமுறை நான். மை தீரப்போகும்போது கக்குமே, பரீட்சைத் தாளில் பெரிய சொட்டாக. அந்தப் பயம் இன்னும் கையில் இருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் இது ஒருதடவைகூடக் கக்கவில்லை.

கோடு போட்ட இந்த உருவம் 1950இல் வந்த 400 மாடலுடையது. ஜெர்மானியர்கள் அதற்கு ஸ்ட்ரெஸமான் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். வெளியுறவு அமைச்சராக இருந்து நோபல் அமைதிப் பரிசு வாங்கிய குஸ்டாவ் ஸ்ட்ரெஸமான் போட்ட கோடுபோட்ட கால்சட்டையின் ஞாபகம். அவர் இறந்ததும் 1929இல்தான், பெலிகானின் முதல் பேனா வந்த அதே வருடம். 1960களில் 400 நின்றுபோனது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பெலிகானோ பேனா அதற்குள் வந்துவிட்டது. 1982இல் நிறுவனம் நொடித்தது, அதே வருடம் 400 மாடல் எம்400 என்ற பெயரில் திரும்பி வந்தது. நிறுவனம் கை மாறிக் கை மாறி 2023இல் பிரான்சின் ஹாமலன் நிறுவனத்தின் வசம் போனது. ஹனோவரில் பெலிகானின் பழைய செங்கல் கட்டட ஆலையில் இப்போது ஓட்டல் நடக்கிறது. “சித்தி, உங்க பேனாவோட தாய்வீடு” என்று பையன் படம் அனுப்பினான்.

நிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 14 காரட் தங்கம். என்னுடையது மிக மெல்லியது என்று குறிப்பிட்ட ரகம். ஆனால் ஜப்பானியப் பேனாவில் அதே ரகத்தோடு ஒப்பிட்டால் கோடு தடிமனாகத்தான் விழும், மையும் தாராளமாக வரும். பெலிகானின் வழக்கம் அது. வாங்குபவர்கள் தெரிந்து வாங்குங்கள். அச்சுப்படியின் மலிவுக் காகிதத்தில் மை கொஞ்சம் ஊறும். அதனால் ஓரத்தில் எழுதும்போது அழுத்தாமல் எழுதப் பழகிக்கொண்டேன். மணிக்கட்டுக்கு அதுவே நல்லதாகிவிட்டது. நிப்பையும் அதற்கு மை கொண்டுவரும் நாக்கையும் சேர்த்து மரையோடு திருகிக் கழற்றலாம், 1929 பேனாவிலும் அப்படித்தான். கீழே விழுந்து நிப் வளைந்தால் முழுப் பேனாவையும் அனுப்ப வேண்டாம்.

மூன்றாம் வருடம் வால் திருக இறுகியது. தப்பு என்னுடையது. ஒரு வருடம் கழுவாமலே மேலும் மேலும் மை நிரப்பியிருந்தேன். நிப்பைக் கழற்றி, வெறும் தண்ணீரை ஏற்றி இறக்கி, தெளிவாக வரும்வரை அலசி, ஒரு குச்சி நுனியில் சிலிக்கான் கிரீஸ் தொட்டு உள்சுவரில் லேசாகத் தடவினேன். பழையபடி வெண்ணெய் மாதிரி ஓடியது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அலசுகிறேன். அடிக்கடி மை நிறத்தை மாற்றுகிறவர்களுக்கு இந்த அலசல் அலுப்பாக இருக்கும். அவர்கள் மைக்குழாயை மாற்றிப் போடும் கார்ட்ரிட்ஜ் பேனாவே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது சின்னப் பேனா. பெரிய கை உள்ளவர்கள் மூடியைப் பின்னால் செருகித்தான் எழுத வேண்டும். செருகினால் எடை சரியாக உட்கார்ந்துவிடும். கனமான பேனா கேட்பவர்களுக்கு எம்800 இருக்கிறது, 1987இல் வந்தது. அது என் விரலுக்குப் பாரம்.

தினமும் நான்கைந்து பக்கமாவது கையால் எழுதுபவராக இருந்தால் காசு சேர்த்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மட்டும் என்றால் இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. வாங்கினால் கூடவே 4001 கருநீலப் புட்டி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு கலந்த மை அது. எழுதும்போது நீலமாகத் தெரியும், காய்ந்த பிறகு மெல்லக் கறுக்கும். நேற்றுத் திருத்திய படியை இன்று காலை எடுத்துப் பார்த்தேன், ஓரக் குறிகளெல்லாம் கறுத்து நிற்கின்றன.