அம்மாவுக்கு ரூம் உண்டு, எனக்குக் கிடையாதாம்

கேரளாவில், மன்னார்க்காட்டில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில், ராத்திரி எட்டே முக்காலுக்கு, எழுபத்தொரு வயது அம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையனிடம் "இவ என் பொண்ணுங்க, கும்பகோணத்துல பொறந்தவ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சிட்னிக்குத் திரும்பி மூன்று வாரமாகிவிட்டது, அந்தக் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. இந்தப் பயணத்தில் மற்றதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அதையெல்லாம் எழுதப் போவதில்லை. அமைதிப் பள்ளத்தாக்குக்கு, அதாவது சைலன்ட் வேலி காட்டுக்கு, போக நினைத்திருக்கும் நம்மவர்கள், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டையும் வைத்திருக்கிறவர்கள், ஜீப், நேரம், சாப்பாடு எல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் தங்குகிற இடத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பிள்ளைகளுக்கு இங்கே டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய விடுமுறை, அதனால் எங்கள் ஊர்ப் பயணம் எப்போதும் மார்கழிப் பனியில் ஆரம்பித்து தை பாதியில் முடியும். ஊர் வலங்கைமான் பக்கம். பொங்கல் கழிந்தால் சம்பா அறுப்பு, அறுப்பு மிஷினுக்குக் காத்திருப்பு, கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் என்று அண்ணனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. "மலைக்குத்தானே போகணும், ஊட்டிக்குப் போயிட்டு வாங்களேன்" என்றார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும், அது பெரிய காரியமில்லை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் கொடுத்தே எடுத்துவிடலாம். ஆனால் நான் காட்ட நினைத்தது கடைத்தெருவும் போட்டிங்கும் இல்லை, காடு.

நாங்கள் இருப்பது பாரமட்டாவுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு, சரி கிளம்பலாம் என்று தோன்றினால் ஓப்பல் கார்டைத் தட்டி ரயில் ஏறுவோம், ஒன்றரை மணி நேரத்தில் கட்டூம்பா வந்துவிடும், இன்னும் கொஞ்சம் போனால் பிளாக்ஹீத். அங்கே கிராண்ட் கேன்யன் என்று ஒரு நடைபாதை, ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, இரண்டு பக்கமும் ஈரப் பாறைச் சுவர், நடுவில் ஓடை, தலைக்கு மேலே மரம் மாதிரி வளர்ந்த பெரணி. என் மகள் ஏழு வயதிலிருந்து அதில் நடக்கிறாள். அங்கே யாரும் பெயரைக்கூடக் கேட்பதில்லை. போன வருஷம் அவள்தான் கேட்டாள், உங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி காடு இருக்கா என்று. "உங்க ஊர்" என்று அவள் சொன்னது ஒரு பக்கம் உறுத்தியது, இருந்தாலும் கேள்வி நியாயமான கேள்வி. வயலும் வாய்க்காலும் தவிர அவள் நம் பக்கத்தில் வேறு எதையும் பார்த்ததில்லை.

அமைதிப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் அப்பா. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனை அப்பா கடைசி வரைக்கும் "நம்ம கும்பகோணத்துக்காரர்" என்றுதான் சொல்வார். ஐ.ஆர். எட்டு என்ற அதிக விளைச்சல் நெல் ரகம் வந்த காலத்தில் நாற்று விட்டவர், அந்தப் பெயர்மேல் அவருக்கு ஒரு சொந்தம். நெல்லுக்கு அவர் செய்தது டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்டுக்குச் செய்தது அவ்வளவாகத் தெரியாது. அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடுகிற குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டு, அதை எதிர்த்து 1970-களில் கேரளாவில் பெரிய போராட்டம் நடந்தது. அப்போது மத்திய வேளாண் துறைச் செயலாளராக இருந்த சுவாமிநாதன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள காட்டையும் சேர்த்து 390 சதுர கிலோமீட்டர் போல மழைக்காட்டுக் காப்பகமாக ஆக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தார். கடைசியில் அணை கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அப்பா அந்த இடத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அம்மாவையாவது கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு நாலைந்து வருஷமாகவே ஆசை.

பூங்காவுக்குள் போகிற வழி முக்காலியில் ஆரம்பிக்கிறது, சிட்னியிலிருந்தே அங்கே இருக்கிற வனத்துறை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவர் என் மலையாளத்தைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். காலை எட்டு மணிக்கு விடுவோம், மதியம் ஒரு மணிக்கு மேல் உள்ளே விட மாட்டோம், உங்கள் வண்டி முக்காலியோடு சரி, அங்கிருந்து காட்டுக்குள் இருக்கிற சைரந்திரி வரை 23 கிலோமீட்டர் எங்கள் ஜீப்பில்தான், வழிகாட்டி கூட வருவார், போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் ஆகும், வயசானவங்க இருக்காங்கன்னா முந்தின ராத்திரியே பக்கத்தில் வந்து தங்கிக்கோங்க. கேட்டதற்கும் கேட்காததற்கும் அவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னார். மன்னார்க்காட்டிலிருந்து முக்காலி இருபது கிலோமீட்டர் மலைப்பாதை, அதனால் மன்னார்க்காட்டில் ஒரு செயலி வழியாக இரண்டு ரூம் போட்டு, முன்பணம் கட்டி, உறுதி செய்த மின்னஞ்சலும் வந்தது. என் பெயரில்தான் போட்டேன். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து கார். சபரிமலை சீசனும் பொங்கல் கூட்டமும் சேர்ந்து கோயம்புத்தூர்ப் பக்கம் ரயிலில் இடமே இல்லை. புளிசாதம், தயிர்சாதம், வெங்காய வடகம் எல்லாம் அண்ணி கட்டிக் கொடுத்தார். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து மலம்புழாவுக்கும் குருவாயூருக்கும் இதே மாதிரி சாப்பாட்டு மூட்டையோடு பஸ்ஸில் போனோம். ராத்திரி ஒரு சத்திரத்தில் ஜமுக்காளத்தை விரித்து நாற்பது பெண்களும் வரிசையாகப் படுத்தோம், டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தார், அதுதான் எங்களுக்கு அடையாள அட்டை.

அந்த லாட்ஜுக்கு வருகிறேன். அம்மாவின் ஆதாரை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து நான் மூன்று பாஸ்போர்ட்டை வைத்தேன், அதோடு மூன்று ஓசிஐ அட்டை, அட்டை என்று பெயரே தவிர அது சின்னப் புத்தகம்தான். அந்தப் பையன் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டான். ஓசிஐ புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான், விசா எங்கே என்று தேடுகிறான் என்று புரிந்தது. இதுவே ஆயுள் முழுக்கச் செல்லும் விசா, மேலே நாலு சிங்கம் போட்டிருக்கு பாருங்க என்றேன். உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். அவர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. "ஃபாரின் பாஸ்போர்ட் இவிடே எடுக்கில்லா மேடம். அம்மைக்கு ரூம் தராம், ஆதார் உண்டல்லோ."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. ரூம் இருக்குன்னுதானே சொல்றாரு என்று என்னைப் பார்த்தார். உனக்கு மட்டும்தாம்மா, எனக்கும் பிள்ளைகளுக்கும் இல்லையாம் என்று நான் சொன்ன பிறகுதான் அவர் அந்த மேசைக்கிட்டே போய்ப் பேச ஆரம்பித்தார். பிறந்த ஆஸ்பத்திரி, படித்த பள்ளிக்கூடம், அப்பா பெயர், என் கல்யாணம் நடந்த மண்டபம் வரைக்கும் சொன்னார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நீளமான ரிஜிஸ்டரில் நூல் கட்டிய பேனாவை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். என் மகன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோஃபாவில் தூங்கிப் போயிருந்தான், மகள் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரணம் என்ன என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு யார் வந்து தங்கினாலும், ஓசிஐ வைத்திருந்தாலும், அந்த லாட்ஜ் 24 மணி நேரத்துக்குள் சி ஃபாரம் என்று எல்லாரும் சொல்கிற படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் லாட்ஜ்காரருக்குத்தான் தலைவலி. சின்ன இடங்கள் இதற்கென்று பதிவே செய்து வைத்திருக்க மாட்டார்கள், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபம். சரி, அப்படியானால் அதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டாமா? பத்து மணி நேரம் காரில் வந்த பிள்ளைகளையும் வயதானவரையும் எதிரில் நிற்க வைத்துக்கொண்டா சொல்வது? சிட்னியில் இருந்து எந்த மலை ஊருக்குப் போய்த் தங்கினாலும் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் அந்த நாட்டில் பிறந்தவளும் இல்லை.

டிரைவர் தம்பி என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, "அக்கா, அம்மா பேர்ல ரெண்டு ரூமையும் போட்டுக்குவோம், பாஸ்போர்ட்ட உள்ள வைங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அந்த மேனேஜரும் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இந்த அட்டையின் எல்லைகளெல்லாம் எனக்குத் தெரியும். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அப்பா வழியில் வந்த ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் இதை வைத்துக்கொண்டு இந்தியாவில் ஒரு ராத்திரி படுக்கலாம் என்பது சட்டம், அதற்காக என் பிள்ளைகள் முன்னால் பொய் சொல்ல நான் தயாராக இல்லை. அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார், "அவளுக்கு இல்லாத ரூம் எனக்கும் வேணாம், என் கார்டைக் குடுங்க." கட்டிய பணத்தில் பாதிதான் பிறகு திரும்பி வந்தது. செக்-இன் செய்யாமல் போய்விட்டோம் என்று செயலிக்காரர்கள் காரணம் எழுதியிருந்தார்கள்.

அப்புறம் இரண்டு இடத்தில் கேட்டோம், வாசலிலேயே இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவது ஒரு பழைய கட்டிடம், கீழே மளிகைக் கடை, மாடியில் எட்டோ பத்தோ ரூம். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை வாயைத் திறந்ததும் முதலில் பாஸ்போர்ட் விஷயத்தைத்தான் சொன்னேன். "சி ஃபாரம் அல்லே, அது பத்து மினிட்டு" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திருப்பினார். அவர் மகன் துபாயில் இருபது வருஷமாம், அங்கிருந்து கூட வேலை செய்கிற வெளிநாட்டு நண்பர்களைக் கூட்டி வருவானாம், அதனால் அப்போதே பதிவு செய்து வைத்துக்கொண்டேன் என்றார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இந்தியாவுக்கு வந்த தேதி, எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள். அடுத்தது கும்பகோணம் என்றேன். எழுத்துக் கூட்டி என்னிடமே ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு அடித்தார். மூன்று பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் கீழே கடைப் பையனை அனுப்பிப் பிள்ளைகளுக்குப் பால் வாங்கிக் கொடுத்தார். முன்னால் நாங்கள் நின்ற லாட்ஜில் இருந்த அதே மாதிரி கம்ப்யூட்டர்தான் இவரிடமும் இருந்தது.

மறுநாள் காலை முக்காலியில் எட்டு மணிக்கே வரிசையில் நின்றோம். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். தேசியப் பூங்கா, சரணாலயம், அருங்காட்சியகம் இதற்கெல்லாம் ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு இந்தியர்களுக்கு உள்ள அதே நுழைவுக் கட்டணம்தான் என்று 2021 மார்ச்சில் மத்திய உள்துறை அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. முந்தின ராத்திரி பட்ட பாட்டில், அதை ஃபோனில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் கவுண்டருக்குப் போனேன். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார், ஓசிஐயா என்று மட்டும் கேட்டார், அம்மாவுக்குப் போட்ட கட்டணத்தையே எனக்கும் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு ஏனென்றே தெரியாது.

காட்டைப் பற்றி என்ன சொல்ல. ஜீப் குலுக்கிய குலுக்கலில் அம்மாவுக்கு இடுப்பு வலி, ஆனால் ஒரு திருப்பத்தில் சோலைமந்திக் கூட்டம் ஒன்று, சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி பிடரியோடு, தலைக்கு மேலே கிளைக்குக் கிளை தாவிப் போனதும் அதை மறந்துவிட்டார். சைரந்திரியில் காவல் கோபுரம் முப்பது மீட்டர் உயரம், அம்மா கீழே உட்கார்ந்துகொண்டார், நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். மேலே நின்று பார்த்தால் இரண்டு மலைக்கு நடுவே குந்திப்புழை, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் ஒரு வீட்டுக் கூரைகூட இல்லை. இங்கேதான் அணை கட்டுவதாக இருந்தார்கள் என்று வழிகாட்டி கை காட்டினார். மகள் ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் நின்றாள். பிளாக்ஹீத்தைவிடப் பெரிசு என்று இறங்கும்போது சொன்னாள்.

குந்திப்புழை மேற்கே போய்ப் பாரதப்புழையில் சேர்கிறது. ஆனால் முக்காலியில் ஓடுவது பவானி. நீலகிரியிலிருந்து தெற்கே இறங்கி வந்து, முக்காலியில் சட்டென்று வளைந்து அட்டப்பாடி வழியாகத் திரும்பத் தமிழ்நாட்டுக்கே போகிறது. பவானிசாகரில் தேங்கி, கூடுதுறையில் காவிரியில் கலந்து, முக்கொம்பு, கல்லணை, திருக்காட்டுப்பள்ளியில் பிரிந்தால் எங்கள் ஊர் ஆறு குடமுருட்டி. ஜீப்பிலிருந்து இறங்கியதும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஆடியில வர்ற தண்ணியில இதுவும் கலந்து வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார், எனக்கும் தெளித்தார், பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தெளித்தார், மேலே நின்றிருந்த டிரைவர் தம்பியையும் விடவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் மன்னார்க்காட்டில் அந்தப் பெரியவர் கடையில் வண்டியை நிறுத்தினோம். என் மகன் அறையில் விட்டுவிட்டு வந்த தொப்பியை எடுத்து மடித்து வைத்திருந்தார். அண்ணி கட்டிக் கொடுத்த வடகத்தில் பாதியை அம்மா அவரிடம் கொடுத்தார். பங்குனியில் அறுப்பு வேலையெல்லாம் முடிந்ததும் அண்ணனும் அண்ணியும் அங்கேதான் போய்த் தங்கப் போகிறார்கள்.