பெடலா, விரலா? பாக்கின் ஃபியூக்குகளுக்கு மூன்று பியானோக்கள்

ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் 1722-இல் தொகுத்த 'வெல்-டெம்பர்ட் கிளாவியர்' என்ற விசைப்பலகை இசைத் தொகுப்பின் முதல் பாகத்தில் 24 ப்ரெலூடுகளும் (முன்னுரை போன்ற துண்டுகள்) 24 ஃபியூக்குகளும் (ஒரே கருப்பொருளை 'குரல்கள்' எனப்படும் பல இசை இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் துண்டுகள்) இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் எவ்வளவு வேகம், எங்கே ஓங்குவது, எங்கே தணிவது என்று அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஒரு ஃபியூக் துக்கமா, நடனமா, வழிபாடா என்பதை வாசிப்பவரே சுரங்களிலிருந்து கண்டெடுக்க வேண்டும். போதாததற்கு, அவர் எழுதியது பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவிகளான ஹார்ப்சிகார்டு, கிளாவிகார்டு காலத்தில். விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கும் பியானோவின் கால்மிதி, அதாவது பெடல், அவற்றில் இல்லை. அதைத் தொடலாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

நான் மாற்றி மாற்றிக் கேட்பவை மூன்று பியானோ கலைஞர்களின் பதிவுகள்: 1960-களில் கிளென் கூல்ட், 1970-இல் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர், 2011-இல் ஆண்ட்ராஸ் ஷிஃப்.

எல்லோருக்கும் தெரிந்த சி மேஜர் ப்ரெலூடில் கீழே இரண்டு சுரங்கள் ஊன்றி நிற்கின்றன. மேலே மூன்று சுரங்கள் இரண்டு முறை ஏறுகின்றன. முடிவில் ஒரு சிறு பகுதி தவிர முழுவதும் இந்த ஒரே கோலம்தான். கூல்ட் மேல் சுரங்களில் பலவற்றை ஒட்டாமல் தனித்தனியே உதிர்க்கிறார். முதன்முறை கேட்டபோது எரிச்சல் வந்தது. பிறகு, கோலத்தின் ஒவ்வொரு புள்ளியையும் காட்டியவர் அவர்தான் என்று புரிந்தது. ரிக்டரிடம் எல்லாம் தொலைவிலிருந்து வரும் ஒரே ஒளி. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அருகே கிளெஸ்ஹைம் மாளிகையில் பதிவானது அது. அந்தக் கூடத்தின் எதிரொலி சிலருக்குப் பிடிக்காது. எனக்கு இந்த ஒரு துண்டுக்கு அது பொருந்துகிறது.

சி ஷார்ப் மைனர் ஃபியூக்கில்தான் உண்மையான பரீட்சை. ஐந்து குரல்கள். கருப்பொருளின் தொடக்கம் நான்கே சுரங்கள்: அரைச்சுரம் இறங்கி, ஒரு தாவு, மீண்டும் அரைச்சுரம் இறக்கம். ஆழத்துக் குரல் அதைத் தொடங்க, மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருகின்றன. ரிக்டர் இதை மிக நிதானமாகத் திறக்கிறார். ஐந்தாவது குரல் சேரும்போது ஒரு கட்டடம் எழுந்து நிற்பதை நாம் பார்த்துவிடுகிறோம். இந்த ஃபியூக்குக்கு எனக்கு அவர்தான். கூல்டிடம் எந்தக் குரலும் இன்னொன்றில் மறைவதில்லை. ஆனால் அந்தத் தெளிவில் இந்த இசையின் பாரம் குறைந்துவிடுகிறது.

ஷிஃப் பெடலைத் தொடுவதே இல்லை. ஐந்து குரல்களைப் பத்து விரல்களால் மட்டும் பிடித்து வைப்பது எவ்வளவு கடினம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கட்டையை விடாமல் அழுத்தியபடியே நான்காம் விரலை எடுத்து ஐந்தாம் விரலை அங்கே வைக்க வேண்டும். விடுபட்ட விரல் அடுத்த குரலுக்குப் போகும். கற்பவர்களுக்கு நான் ஷிஃப்பைத்தான் சொல்வேன். பெடலை மிதித்துச் சமாளித்துவிட்டால் எந்தக் குரல் எங்கே முடிகிறது என்பதே காதுக்குத் தெரியாமல் போய்விடும். அதோடு, வேகமும் ஓசையும் பிறர் எழுதிச் சேர்க்காத இசைக்குறிப்புப் பதிப்பை வாங்குங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோ ஆசிரியர் செர்னி தன் பதிப்பில் எழுதிச் சேர்த்தவற்றைப் பாக்கின் கட்டளை என்றே நம்பி வாசித்தவர்கள் ஏராளம்.

கடைசி பி மைனர் ஃபியூக்கில் மட்டும் பாக்கே 'லார்கோ' (மிக மெதுவாக) என்று எழுதியிருக்கிறார். கருப்பொருள் பன்னிரண்டு சுரங்களையும் தொடுகிறது. இரண்டிரண்டு சுரங்களாக வளைகோடு போட்டு இணைத்திருப்பதும் அவரே. முதல் சுரத்தில் சாய்ந்து, இரண்டாவதில் தணிந்தால் அது பெருமூச்சாகிறது. ஹார்ப்சிகார்டில் எவ்வளவு அழுத்தினாலும் இரண்டும் ஒரே அளவில்தான் ஒலிக்கும். பியானோவில் இரண்டாவது சுரத்தைத் தணிக்க முடியும், அதுவும் பெடல் இல்லாமல், விரலின் கனத்தால் மட்டும்.