கார்பன் மானிட்டர்: முடக்கக் காலத்தை அளக்க நல்ல தளம், சிங்கப்பூருக்கு மட்டும் தனிக் கணக்கு வேண்டும்

2020 கொவிட் முடக்கத்தில் கரிம வெளியேற்றம் எங்கே, எப்போது, எவ்வளவு இறங்கியது என்று நாள்வாரியாகப் பார்க்க, இலவசமாகக் கிடைப்பவற்றில் கார்பன் மானிட்டர் தளத்தைத்தான் முதலில் பரிந்துரைப்போம். நாடுகளின் அதிகாரபூர்வக் கணக்கு வெளிவர ஓராண்டுக்கு மேலாகும். மின்சாரம், தொழில், சாலைப் போக்குவரத்து, குடியிருப்பு, உள்நாட்டு விமானம், அனைத்துலக விமானம் என ஆறு துறைகளுக்கு இங்கே மதிப்பீடு விரைவாகவே கிடைக்கிறது. எண்களை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

அந்தக் கோப்பை எக்செலில் போட்டு, ஒரு தேதியை முந்தைய ஆண்டின் அதே தேதியோடு ஒப்பிடும்போதுதான் கணக்கு பிசகுகிறது. வேலைநாளுக்கு எதிரே ஞாயிறு வந்து நிற்கும். போதாக்குறைக்கு 2020 லீப் ஆண்டு. முதலில் ஏழு நாள் சராசரி எடுங்கள். சீனாவுக்கு அதுவும் போதாது. சீனப் புத்தாண்டு 2019ல் பிப்ரவரி 5, 2020ல் ஜனவரி 25. ஆலைகள் மூடும் விடுமுறை இடம் மாறியதால், பண்டிகைச் சரிவும் கிருமித்தொற்றுச் சரிவாகத் தெரியும். புத்தாண்டு நாளைப் பூஜ்ஜியமாக வைத்து இரண்டு ஆண்டுகளையும் அடுக்கினால் சரியாகிவிடும். குடியிருப்புத் துறை வெப்பநிலையை வைத்துக் கணிக்கப்படுகிறது. 2020 தொடக்கத்தில் வடக்கே குளிர் குறைவு. ஹீட்டர் ஓடாததை முடக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

சாலைக் கணக்குக்கு, வழிகாட்டிக் கருவி நிறுவனமான டாம்டாமின் நெரிசல் தரவு. பாரிஸ் நகர வாகன எண்ணிக்கையோடு பொருத்திய சூத்திரத்தையே மற்ற நகரங்களுக்கும் போட்டிருக்கிறார்கள். ஏற்ற இறக்கத்தை நம்பலாம், தசமப் புள்ளியை நம்ப வேண்டாம்.

பெரிய குறை, சிங்கப்பூர் 'மற்ற நாடுகள்' தொகுப்பில் கரைந்துவிடுவது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த சர்க்கியூட் பிரேக்கரை (சிங்கப்பூரின் முடக்கத்தை) பார்க்க, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் மின்நுகர்வுப் புள்ளிவிவரத்தை எடுத்து, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மொத்த நுகர்வு சற்றே குறைந்தது, வீட்டு நுகர்வு ஏறியது. அலுவலகம் வீட்டுக்கு வந்தபோது ஏர்கானும் கூடவே வந்தது. சாங்கி விமான நிலையத்தில் 2019ல் 6.83 கோடிப் பயணிகள், 2020ல் 1.18 கோடி. ஆனால் அனைத்துலக விமான எரிபொருள் நாட்டின் மொத்தக் கணக்கில் சேராது. அதனால் அந்தப் பெருஞ்சரிவைத் தேசிய எண்ணில் தேடிப் பயனில்லை.

பிள்ளைகளின் செயல்திட்டத்துக்கு இத்தளத்தைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் ஹவாயின் மவுனா லோவா நிலைய அளவீட்டையும் பக்கத்தில் வைத்தே ஆகவேண்டும். 2020ன் முதல் ஆறு மாதங்களில் உலக வெளியேற்றம் 8.8 விழுக்காடு குறைந்தது. ஆண்டு முழுமைக்கும் சுமார் 5 விழுக்காடு, ஏறத்தாழ 200 கோடி டன். காற்றில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது சுமார் 780 கோடி டன் கரியமில வாயு. ஆக, அத்தனை முடக்கத்துக்கும் மிச்சமானது அதிகபட்சம் கால் பிபிஎம். கடலும் காடும் உறிஞ்சுவதைக் கழித்தால் அதிலும் பாதி. ஆண்டுதோறும் ஏறுவதோ சுமார் 2.5 பிபிஎம். 2020 மே மாதச் சராசரி 417 பிபிஎம், மவுனா லோவாவில் அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத உச்சம். சரியும் கோட்டை மட்டும் காட்டினால், வானம் தெளிந்தது, பருவநிலையும் சரியாகிவிட்டது என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள்.

பழைய எண்களையும் தளத்தில் அவ்வப்போது திருத்துகிறார்கள். கோப்பை இறக்கிய தேதியை வரைபடத்தின் கீழே குறித்துவிடுங்கள்.