ஆர்வி-12: கட்டுவதா, கட்டியதை வாங்குவதா?

அமெரிக்காவில் சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாக்க நினைப்பவர்கள் முதலில் பணக் கணக்கைத்தான் போடுகிறார்கள். கிட் (நாமே பொருத்திக் கட்ட பாகங்களாக வரும் தொகுப்பு) விலை இவ்வளவு, தொழிற்சாலையில் செய்தது இவ்வளவு, நாமே கட்டினால் மிச்சம் இவ்வளவு என்று. சில நூறு மணிநேரம் பறந்து, நாலைந்து ஆண்டு பராமரித்தும் பார்த்துவிட்டால் அந்தக் கணக்கு பின்னால் போய்விடுகிறது. ஆண்டுப் பரிசோதனை முடிந்ததும் லாக்புக்கில் யார் கையெழுத்துப் போடலாம், ஒரு ரேடியோவை மாற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகள்தான் கடைசிவரை கூடவே வருகின்றன. ஒரிகன் மாநிலத்தின் அரோராவில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் தரும் ஆர்வி-12 என்ற இருவர் விமானம் இதைப் பேசுவதற்கு நல்ல உதாரணம். ஒரே விமானம் மூன்று விதமான காகிதங்களோடு கிடைக்கிறது.

எல்எஸ்ஏ என்பது லைட்-ஸ்போர்ட் ஏர்கிராஃப்ட், அதாவது இலகு ரக விமானம். அதில் எஸ்-எல்எஸ்ஏ (ஸ்பெஷல்) என்றால் முழுவதும் கட்டி முடித்து விற்பது. வாடகைக்கு விடலாம், பயிற்சிப் பள்ளியில் ஓட்டலாம். ஆனால் நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. ஆண்டுப் பரிசோதனைக்கு ஏ&பி மெக்கானிக்கோ (விமான உடலுக்கும் இன்ஜினுக்கும் உரிமம் பெற்றவர்), பராமரிப்புத் தகுதி பெற்ற ரிப்பேர்மேனோ வர வேண்டும். இ-எல்எஸ்ஏ (எக்ஸ்பெரிமென்டல்) என்றால் கிட்டை வரைபடத்தில் உள்ளபடியே, ஒரு ரிவெட்கூட மாறாமல் கட்டிச் சான்றிதழ் வாங்குவது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு மாற்றங்கள் செய்ய உரிமையாளருக்குச் சுதந்திரம் உண்டு. 16 மணிநேரப் பயிற்சி ஒன்றை முடித்தால் தன் விமானத்தின் ஆண்டுப் பரிசோதனையைத் தானே செய்து கையெழுத்தும் போடலாம். மூன்றாவது அமெச்சூர்-பில்ட். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்ற 51 சதவீத விதி இங்கேதான் வரும், இ-எல்எஸ்ஏவுக்குக் கிடையாது. இதில் கிடைக்கும் ரிப்பேர்மேன் சான்றிதழ் கட்டியவருக்குச் சொந்தம். விமானத்தை விற்றால் அது வாங்குபவரோடு போகாது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பறப்பதுதான் ஆசை என்றால், வேறொருவர் ஒழுங்காகக் கட்டி 100, 200 மணிநேரம் ஓட்டிய இ-எல்எஸ்ஏவை வாங்கி, அந்த 16 மணிநேரப் பயிற்சிக்குப் போய்விடுங்கள். கட்டுவதே ஆசை என்றால் மட்டும் கட்டுங்கள். காசு மிச்சம் பிடிக்க மட்டும் கட்டத் தொடங்கியவர்களின் கிட்கள்தான் பாதி முடிந்த நிலையில் விற்பனைக்கு வருகின்றன.

கட்டும் வேலை எப்படிப்பட்டது? துளைகள் எல்லாம் முன்பே போடப்பட்டு, ஒன்றோடொன்று பொருந்தும்படி வரும் அலுமினியத் தகடுகள். பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே இழுத்து அடிக்கும் பாப் ரிவெட்கள். மற்ற ஆர்வி மாடல்களில் இருவர் நின்று, ஒருவர் ரிவெட் துப்பாக்கியும் மற்றவர் பின்புறம் இரும்புக் கட்டையும் பிடித்து அடிக்கும் வேலை இதில் மிகக் குறைவு. சொல்லப்படும் நேரம் 700 முதல் 900 மணிநேரம். வாரம் 8 மணிநேரம் ஒதுக்க முடிகிறவருக்கு 900 மணிநேரம் என்பது 112 வாரம், அதாவது இரண்டு வருடத்துக்கும் மேல். கார் ஷெட் போதும். காற்றழுத்த ரிவெட் இழுப்பான், நூற்றுக்கணக்கில் கிளெகோ (ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தற்காலிகப் பிடிப்பான்), பிசிறு எடுக்கும் கருவி, டார்க் ரெஞ்ச் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். கிளெகோவை நிறம் பார்த்து எடுங்கள்: 1/8 அங்குலத் துளைக்குச் செம்பு நிறம், 3/32க்கு வெள்ளி நிறம்.

முழுக் கிட்டையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். வால் பகுதியை மட்டும் முதலில் வாங்குங்கள். பத்து வார இறுதி அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தால், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். இன்ஜினையும் ஏவியானிக்ஸையும் (ரேடியோ, திரை போன்ற மின்னணுக் கருவிகள்) கடைசியாக வாங்குங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் விழுங்குவது அவைதான். தவிர, வாங்கிய நாளிலிருந்தே இன்ஜினின் ரப்பர் பாகங்களுக்கு வயது ஏறத் தொடங்கிவிடும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது எரிபொருள் தொட்டி. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் சுமார் 75 லிட்டர் தொட்டியைச் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசித்தான் அடைக்க வேண்டும். தகட்டை அசிட்டோனில் துடைத்த பிறகு விரல் பட்டுவிட்டால் அந்த இடத்தில் சீலன்ட் பிடிக்காது. கலந்த சீலன்ட் இறுகத் தொடங்கிய பிறகும் வீணாகிறதே என்று பூசினால் ஒரு வருடம் கழித்துக் கசியும். இரண்டாவது கேனப்பி, அதாவது தலைக்கு மேல் மூடும் கண்ணாடிக் கூடு. குளிரில் பிளெக்சிகிளாஸ் நொறுங்கும். அறையில் நன்றாகச் சூடேற்றி, பிளாஸ்டிக்குக்கென்று தீட்டிய டிரில் பிட்டால் மட்டும் துளையிடுங்கள். திருகை இறுக்கிவிட்டால் அந்தத் துளையிலிருந்தே விரிசல் கிளம்பும். மூன்றாவது, "இது இன்னும் நன்றாக இருக்குமே" என்று நடுவில் செய்யும் மாற்றம். சான்றிதழுக்கு முன் வரைபடத்தை மீறினால் இ-எல்எஸ்ஏ கிடைக்காது. அந்த ஆசைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சான்றிதழ் வந்த மறுநாள் செய்துகொள்ளலாம்.

கட்டி முடித்தால் சோதனைப் பறப்புக் காலத்திலும் வித்தியாசம் உண்டு. இ-எல்எஸ்ஏ ஆர்வி-12க்கு 5 மணிநேரம். அமெச்சூர்-பில்டில் வழக்கமான கணக்கு 25 அல்லது 40 மணிநேரம்.

இனி ஓட்டும் அனுபவம். பழைய எல்எஸ்ஏ விதியின் 600 கிலோ உச்ச எடையில் வெறும் விமானமே சுமார் 340 கிலோ. தொட்டி நிரப்பினால் 54 கிலோ போகும். மீதி 206 கிலோ. தலா 90 கிலோவில் இருவரும், பின்னால் 22 கிலோ சாமானும் ஏறினால் மிஞ்சுவது 4 கிலோதான். அதனால் பெயின்ட் அடுக்கடுக்காக ஏற்றாதீர்கள், கூடும் ஒவ்வொரு கிலோவும் சாமானில் கழியும். ஓடும் வேகம் 115 நாட் (மணிக்குச் சுமார் 213 கிலோமீட்டர்) அளவில். செலவு மணிக்கு 18, 20 லிட்டர். இறக்கைப் பரப்பின்மேல் விழும் எடை குறைவு என்பதால் வெயில் ஏறிய மதியத்தில் குலுக்கல் அதிகம். குமிழ் போன்ற கேனப்பிக்குள் கோடையில் வேர்த்துக் கொட்டும். சூரியத் தட்டியை முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ், 100 குதிரைத்திறன். புதிய ஐஎஸ் மாடலில் இதுவே ஃப்யூவல் இன்ஜெக்ஷனோடு வருகிறது. லைகாமிங், கான்டினென்டல் என்ற வழக்கமான விமான இன்ஜின்களை ஓட்டிப் பழகியவர்கள் இதைப் பாழாக்கும் வழி ஒன்று உண்டு: தரையில் 800 ஆர்பிஎம்மில் விட்டு வைப்பது. இதற்கு 2.43க்கு 1 என்ற கியர்பாக்ஸ் இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் பற்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அந்தச் சத்தம் காதிலேயே கேட்கும். ஸ்டார்ட் ஆனதும் 2,000இல் இரண்டு நிமிடம், பிறகு 2,500இல் எண்ணெய் 50 டிகிரி செல்சியஸ் தொடும்வரை. அதற்கு முன் முழு வேகம் கொடுக்கக் கூடாது. குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சிலர் சோக்கை இழுத்துக்கொண்டே த்ராட்டிலையும் திறக்கிறார்கள். த்ராட்டில் முழுக்க மூடியிருந்தால்தான் இந்தச் சோக் வேலை செய்யும்.

எண்ணெய் அளவு பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எண்ணெய் தனித் தொட்டியில் இருப்பதால் நேரே குச்சியை விட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும். இக்னிஷன் இரண்டும் அணைந்திருப்பதை உறுதி செய்துவிட்டு, தொட்டி மூடியைத் திறந்து, புரொப்பெல்லரை அது சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்திலும் கொஞ்சம் நிறுத்திப் பிடியுங்கள். பல சுற்றுக்குப் பின் தொட்டிக்குள்ளிருந்து "கொளக்" என்று காற்று வெளியேறும். அதன் பிறகு பார்ப்பதுதான் உண்மையான அளவு. எதிர்த்திசையில் சுற்றினால் எண்ணெய்ப் பாதையில் காற்று ஏறும்.

ஈயம் கலந்த 100எல்எல் விமானப் பெட்ரோலையே ஊற்றினால் 100 மணிநேர எண்ணெய் மாற்றம் 50 மணிநேரமாகிவிடும். எண்ணெய்த் தொட்டியின் அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் சாலையோரப் பங்க்கின் 91 ஆக்டேன் பிரீமியத்துக்கு மாறிவிடுவார்கள். அதிலும் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கார்புரேட்டர் மாடலில் இரண்டு கார்புரேட்டரும் ஒத்து இயங்க வேண்டும். ஐடிலில் டேஷ்போர்டு நடுங்கினால் முதலில் அதைச் சரிபாருங்கள். மிதவைகளையும் கழற்றி எடை போடுங்கள். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல் போனால் பெட்ரோலைக் குடித்து மூழ்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். இன்ஜின் திடீரெனக் கரடுமுரடாக ஓடுவதற்கும் கார்புரேட்டர் வழிவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஐந்தாவது ஆண்டில் ஹோஸ்கள், கார்புரேட்டர் ரப்பர் சாக்கெட்டுகள், ஃப்யூவல் பம்ப், டயாஃப்ரம் எல்லாம் மாற்ற வேண்டும். பறந்தது 50 மணிநேரமாக இருந்தாலும் விதிவிலக்கில்லை. இன்ஜினின் ஆயுள் கணக்கு 2,000 மணிநேரம் அல்லது 15 ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அது. எனவே "குறைந்த மணிநேரம்" என்று விளம்பரம் செய்யும் பத்து வயது விமானத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஹோஸ் மேல் இருக்கும் தேதியைப் படியுங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள், காந்தப் பிளக்கில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சக்கரக் கால்கள் உடலோடு சேரும் இடத்தில் ரிவெட் தலையைச் சுற்றிக் கருப்பு வால் போலக் கறை ஓடியிருந்தால் அந்த ரிவெட் தளர்ந்திருக்கிறது, பலமாகத் தரை தட்டிய விமானமாக அது இருக்கலாம்.

பாதி கட்டிய கிட் வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. லேசரில் வெட்டிய சில பாகங்களில் விரிசல் பிரச்சினை வந்து, 2023 டிசம்பரில் வான்ஸ் திவால் பாதுகாப்பு கேட்கும் நிலைக்குப் போனது. 2024இல் மீண்டுவிட்டது. அந்தக் காலத்துக் கிட் என்றால் பாகப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கிட் எண்ணுக்கான நிறுவனத்தின் இணக்கச் சான்று உங்கள் பெயருக்கு வருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அது இல்லாமல் இ-எல்எஸ்ஏ இல்லை.

தொழிற்சாலை விமானத்துக்கும் இதே போன்ற ஆபத்து உண்டு. பெரிய விமான நிறுவனமான செஸ்னாவே 162 ஸ்கைகேட்சர் என்ற தன் எல்எஸ்ஏவைக் கைவிட்டு, விற்காமல் நின்றவற்றை 2016இல் நொறுக்கிவிட்டது. அனுமதிக் கடிதம் தர ஆளில்லாமல் போன எஸ்-எல்எஸ்ஏவை இ-எல்எஸ்ஏவாக மாற்ற வழி இருக்கிறது, வாடகை வருமானம் மட்டும் போய்விடும்.

2025 அக்டோபர் 22 முதல் மொசாயிக் விதி (இலகு ரக விமான விதிகளைத் தளர்த்திய அமெரிக்க அரசின் திருத்தம்) நடைமுறைக்கு வந்ததால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பை மடக்கிய நிலையில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 59 நாட்டுக்குள் இருந்தால், கார் ஓட்டுநர் உரிமத்தை மருத்துவச் சான்றாகக் கொண்ட ஸ்போர்ட் பைலட்டும் (எளிய வகை விமானி உரிமம் உள்ளவர்) பழைய செஸ்னா 172ஐ ஓட்டலாம், ஒரே பயணியோடு. வாங்கும் விலையில் அது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் மணிக்கு 30 லிட்டர் குடிக்கும். ஆண்டுப் பரிசோதனைக்கு ஐஏ என்ற பரிசோதனை அதிகாரம் உள்ள மெக்கானிக்கின் கையெழுத்துதான் வேண்டும், உங்கள் கையெழுத்து செல்லாது.